ஏப்பம்

பௌர்ணமிக்கு மறுநாள்
தென்காற்று அடித்து ஓய்ந்திருந்தால்
கன்சிர்ரிக் கரையில் மீன் ஒதுங்கும்.
வலையில் விழுகிற மீன் இல்லை,
சந்தையில் பெயருள்ள மீனும் இல்லை.
சூரியன் என்றொன்று இருப்பதே தெரியாமல் பிறந்து
முதல் வெளிச்சம் பார்த்த அன்றே
அந்த வெளிச்சத்தில் செத்துப்போனவை.
விரல் நீளம். கோடரி வடிவம்.
வயிற்றோரம் வரிசையாய்
அணைந்துபோன விளக்குகள்.

கடற்காகங்கள் எழுமுன்
சந்தினா வந்துவிடுகிறாள்,
காப்பித்தூள் டப்பாவோடு.
பல்கலைக்கழகத்துப் பையன்
டப்பாவுக்கு ஐந்து யூரோ தருகிறான்.
படகுத்துறைக்கு வேலைக்குப் போகிற வழியில்
நான் டார்ச் அடிப்பேன்.

ஜலசந்தியில் அந்தப் பக்கம் பாறை,
இந்தப் பக்கம் சுழி.
பாறையில் இருந்தவளுக்குத் தலை ஆறு,
எண்ணிவிடலாம்.
இந்தப் பக்கத்தவளுக்கு உடம்பே இல்லை.
வெறும் வாய்.
நாளுக்கு மூன்று முறை கடலைக் குடிப்பாள்,
மூன்று முறை கக்குவாள்.
கரிப்திஸ் என்று பெயர்.
தீராப் பசி என்றும் பேராசை என்றும்
தப்ப வழியில்லாத இரண்டில் ஒன்று என்றும்
பொருள் சொல்கிறார்
சுற்றுலாப் படகில் ஒலிபெருக்கி பிடித்தவர்.
ஜெர்மன்காரர்கள் சுழியைப் படம் பிடிக்கிறார்கள்.
படத்தில் தண்ணீர்தான் விழுகிறது.

அவர் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு.
அவள் கடலரசன் மகள்.
அப்பனுக்கு நிலம் வேண்டியிருந்தது.
அலையேறிப் போய்
வயலும் வேலியும் கிணறுமாக
ஊர் ஊராய் மூழ்கடித்து
அவன் காலடியில் கொண்டுவந்து சேர்த்தாள்.
வானத்தரசன், அப்பனுடைய தம்பிதான்,
கோபம் தாங்காமல் இடியை எறிந்தான்.
அண்ணன் மேல் அல்ல.

சந்தினாவின் அப்பா தோன் லெத்தேரியோ
கடன் கொடுப்பார்.
நோட்டு எழுதியது சந்தினா.
வட்டி கேட்டுப் படியேறியது சந்தினா.
எலுமிச்சைத் தோப்புகள், மீன் கிடங்கு ஒன்று,
சலினா தெருவில் ஒரு விதவையின் மாடி வீடு,
எல்லாப் பத்திரத்திலும் சாட்சிக் கையெழுத்து
சந்தினா.
ஊரையே ஏப்பம் விட்டவள் என்றார்கள்.
கைவிலங்கு வந்த காலையில்
தோன் லெத்தேரியோவுக்கு நெஞ்சு வலித்தது.
ஆகஸ்டில் மாதாவின் தேருக்கு
வெறுங்காலோடு வடம் பிடிக்கிற அளவுக்கு
அது பிறகு சரியாகிவிட்டது.
அவள் ஏழு வருடம் உள்ளே இருந்தாள்.
அவர் ஒருமுறை பார்க்கப் போனார்,
ஒரு பத்திரம் எங்கே என்று கேட்க.

'அந்த நிலமெல்லாம்
உனக்கு வேண்டியிருந்ததா?'
ஒருநாள் கேட்டுவிட்டேன்.
மணலிலிருந்து தலை தூக்கவில்லை.
'எனக்கு எலுமிச்சையே ஒத்துக்காது.
நெஞ்சு கரிக்கும்.'

இப்போதும் கணக்கு எழுதுகிறாள்.
அதே நோட்டு, சிவப்பு முதுகு.
இடப்பக்கம் பழைய பெயர்கள்,
பலர் இப்போது இல்லை.
வலப்பக்கம் தேதி, காற்று, மீன் எத்தனை.
ஒன்றும் ஒதுங்காத நாளுக்கு
ஒரு சுழி.
வட்டமாய்ப் போடமாட்டாள்;
உள்ளே உள்ளே சுருட்டிக்கொண்டே போய்
பேனா முனை தாளைக் கிழிக்கும்போதுதான்
நிறுத்துவாள்.

நேற்று ஒரு மீனில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
நீலம். வயிற்றடியில் ஒன்றே ஒன்று.
'டார்ச்சை அணை' என்றாள்.
அணைத்தேன்.
கையில் ஏந்திக்கொண்டு
முழங்கால் நனைய உள்ளே போனாள்.
'பிழைக்காது' என்றேன்.
'தெரியும்.'
அக்கரையில் ரயிலை விழுங்கிய கப்பல்
சங்கு ஊதியது.
எனக்கு நேரமாகிவிட்டது.
ஆறு மணி, நீரோட்டம் திரும்புகிற நேரம்,
கரையோரத் தண்ணீர் எந்தப் பக்கம் போவதென்று
சற்றே யோசித்து நின்றது.
அவள் இன்னும் கையை விரிக்கவில்லை.